ஃபேட்ஃபுல் என்றால் என்ன? ஒரு கல்யாண ஃப்ளெக்ஸிலிருந்து தொடங்கலாம்

மதுரையில் கல்யாணம் என்றால் தாலிக்குத் தங்கம் வாங்குவதற்கு முன்பே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். சில வருஷங்களுக்கு முன் என் பெரியப்பா பேரன் கல்யாணத்துக்கு அவனுடைய கூட்டாளிகள் மண்டப வாசலில் இருபதடிக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு நிற்கிறான். பின்னால் இரண்டு சிங்கம், ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. ‘வருக வருக’ மட்டும் போதாதென்று அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘இந்த ஃபேட்ஃபுல் நாளில் மணமக்களை வாழ்த்துகிறோம்’.

எழுதியவன் நல்ல பையன். ‘விதி’க்கு இங்கிலீஷ் தேடியிருக்கிறான், ஃபேட் என்று வந்திருக்கிறது. கூட ஒரு ‘ஃபுல்’ சேர்த்தால் பியூட்டிஃபுல், வொண்டர்ஃபுல் மாதிரி நல்ல சொல்லாகிவிடும் என்று நினைத்திருக்கிறான். ‘விதி சேர்த்து வைத்த நாள்’ என்பதுதான் அவன் சொல்ல வந்தது. பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏப்பா, இந்தக் கல்யாணத்துல ஏதும் வில்லங்கமா?” என்றார்.

பகலில் வக்கீல் ஆபீஸ்களுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் இந்தச் சொல் என்னை விடுவதில்லை. வழக்குக் கட்டுகளில் அடிக்கடி வருகிறது. ட்யூஷனில் அடிக்கடி தப்பாக வருகிறது. அதனால்தான் இதற்கு மட்டும் தனியாக ஒரு விளக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கே கால் தடுக்குகிறது

ஒரே மாதிரி இருக்கும் சொற்கள் கூட்டமாக நிற்பதுதான் முதல் சிக்கல். ஃபேட் என்றால் விதி, தலையெழுத்து. அதிலிருந்து ஃபேட்டட், ஃபேட்டல், ஃபேட்ஃபுல், இல்-ஃபேட்டட் என்று நாலு பேர் கிளம்புகிறார்கள். நாலும் பெயரடைகள். பெயரடை என்றால் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல். ‘நல்ல நாள்’ என்பதில் ‘நல்ல’ மாதிரி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் ஒருவனைக் கூப்பிட்டால் இன்னொருவன் திரும்பிப் பார்க்கிறான்.

சம்பந்தமே இல்லாத ஐந்தாவது ஆள் ஒருவனும் உண்டு. ஃபெய்த்ஃபுல், அதாவது விசுவாசமான. லீவ் லெட்டரின் அடியில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று போடுவோமே, அவன்தான். என்னிடம் படிக்கும் ஒரு பையன் காதில் விழுந்ததை வைத்து ‘யுவர்ஸ் ஃபேட்ஃபுல்லி’ என்று எழுதிக் கொண்டுவந்தான். காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டுவிட்டு, ‘இப்படிக்கு, உங்கள் தலையெழுத்தை மாற்றப் போகும் மாணவன்’ என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

‘ஃபுல்’ என்ற பின்னொட்டும் ஆளை ஏமாற்றும். பின்னொட்டு என்றால் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அதன் வகையை மாற்றும் துண்டு. இதைப் பார்த்ததும் ‘நிறைந்த’ என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் ஃபேட்ஃபுல் என்றால் ‘விதி நிறைந்த’, அதாவது ‘விதிப்படி நடந்த’. ஃப்ளெக்ஸ் பையன் விழுந்த குழி இதுதான். அகராதியைத் திறந்தால் வேறு கதை இருக்கிறது.

ஜங்ஷனுக்குத் தெற்கே ஒரு பாயிண்ட்

அகராதிக்கு முன்னால் ரயில்.

மதுரை ஜங்ஷனிலிருந்து தெற்கே கிளம்பும் வண்டி விருதுநகர் வழியாகத் திருநெல்வேலிக்கும் போகலாம், மானாமதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கும் போகலாம். பாதை பிரிகிற இடத்தில் தண்டவாளத்தின் ஒரு துண்டு மட்டும் பக்கவாட்டில் நகரும். ரயில்வேக்காரர்கள் அதைப் பாயிண்ட் என்பார்கள். அது நகர்வதென்னவோ நாலைந்து அங்குலம்தான். உள்ளே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பவருக்கு ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் உண்டு. அந்த நாலைந்து அங்குலத்தில் ஒருவர் நெல்லையப்பர் கோவில் வாசலிலும் இன்னொருவர் ராமேஸ்வரத்துக் கடற்கரையிலும் போய் நிற்கிறார்கள்.

ஃபேட்ஃபுல் என்ற சொல் காட்டுவது அந்தப் பாயிண்ட்டை.

திருநெல்வேலி வண்டியில் தெரியாமல் ஏறி, விருதுநகரில் இறங்கி விழிக்கிறவர் என்ன சொல்வார்? ‘அந்த ஏழாம் நம்பர் பெட்டியில் காலை வைத்தேனே, அங்கேதான் கெட்டது’ என்பார். காலை வைத்தபோது அவருக்கு எதுவும் தெரியாது. விருதுநகர் வந்த பிறகுதான் அந்தக் காலடிக்கு ஒரு கனம் வருகிறது. அதனால் ஃபேட்ஃபுல் பெரும்பாலும் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல். நடக்கும்போது சாதாரணமாக இருந்த ஒன்றை, முடிவு தெரிந்தவர் பின்னால் நின்று சுட்டிக்காட்டுகிறார்.

இப்போது அகராதி சொல்வதைப் பார்க்கலாம். பின்னால் வந்ததை எல்லாம் பெரிய அளவில் மாற்றிவிட்ட, பெரும்பாலும் கெட்ட பக்கமாக மாற்றிவிட்ட ஒரு நாளையோ முடிவையோ சந்திப்பையோ சொல்லையோ ஃபேட்ஃபுல் என்பார்கள். ‘பெரும்பாலும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ‘எப்போதும்’ என்று எந்த அகராதியும் சொல்வதில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். ஃபேட்ஃபுல்லுக்கு ‘விதிப்படி நடந்த’ என்று பொருள் இல்லை. ‘பின்னால் பெரிதாக விளைந்த’ என்று பொருள். சொல்பவர் விளைவைப் பார்த்த பிறகு சொல்கிறார். அதில் ஒரு கலக்கம் தொனிக்கும். முகூர்த்த நாளைப் போய் அப்படிச் சொன்னால் ஹெட்மாஸ்டர் வில்லங்கத்தைத் தேடாமல் என்ன செய்வார்?

அங்கே வாயால் சொன்னது, இங்கே தலையில் எழுதியது

ஃபேட் லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் ஃபாரி என்றால் பேசுதல். ஃபாட்டும் என்றால் பேசப்பட்டது. தெய்வம் வாயைத் திறந்து சொல்லிவிட்டது, இனி மாறாது என்ற பொருளில்தான் அது ‘விதி’ ஆயிற்று. கைக்குழந்தையை இங்கிலீஷில் இன்ஃபன்ட் என்கிறோமே, அதிலும் இதே வேர்தான் இருக்கிறது: இன்னும் பேசாதது என்று பொருள். கதைக்குச் சொல்லும் ஃபேபிளும் புகழுக்குச் சொல்லும் ஃபேமும் அதே பேச்சு வேரில் முளைத்தவை.

நம் ஊரில் தெய்வம் பேசவில்லை, எழுதியது. தலையெழுத்து என்கிறோம், ‘எழுதி வச்சிருக்கு’ என்கிறோம். விதி என்ற சொல்லோ சட்டப் புத்தக வாசனை உள்ளது. போக்குவரத்து விதி, இலக்கண விதி, தலைவிதி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். மேலிடத்திலிருந்து வந்த ஏற்பாடு. எனக்கென்னவோ நம்முடைய தெய்வம் கொஞ்சம் ஆபீஸ் தெய்வம் என்று தோன்றும்.

கிரேக்கர்களுக்கு விதி மூன்று பெண்கள். ஒருத்தி உயிரை நூலாக நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி அறுக்கிறாள். சுங்குடிக்கும் தறிக்கும் பேர்போன ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஃபேட்டல் என்ற சொல்லைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள நான் மூன்றாவது பெண்ணின் கத்தரியைக் காட்டுவேன். ஃபேட்டல் என்றால் உயிரைக் கொண்டுபோகிற, மரணத்தில் முடிகிற. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் வந்தபோது அதற்கும் ‘விதித்தபடியான’ என்ற பொருள் இருந்தது. போகப்போகச் சாவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஃபேட்ஃபுல் வந்தது ரொம்பப் பிந்தி, 1700களில். முதலில் ‘வரப்போவதை முன்னால் சொல்கிற’ என்ற பொருளில் இருந்து, 1800ஐ ஒட்டித்தான் இன்றைய பொருளுக்கு வந்தது.

ஒரு சிலம்பு, நாலு சொல்

நாலு சொற்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வெளியூர்க் கதை எதுவும் வேண்டாம். சிலப்பதிகாரத்தின் மதுரை போதும்.

கோவலன் சிலம்பு விற்க வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய்ச் சேருகிறான். கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் அரண்மனைக்கு ஓடுகிறான். பாண்டியன் அப்போது நீதி மண்டபத்தில் இல்லை. ஆடல் பார்த்துக்கொண்டிருந்த தேவி தலைநோவு என்று எழுந்து போய்விட்டாள். அவள் ஊடலைத் தீர்க்க அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். மனைவி கோபமாக இருக்கும்போது வாசலில் ஒருவன் வந்து வழக்கு சொன்னால் யார்தான் ஒழுங்காகக் கேட்பார்கள்? காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று சொல்லிவிட்டு நடக்கிறான். விசாரணை இல்லை. ஒரே ஒரு வரி.

இதில் யாருக்கு எந்தச் சொல்?

காவலன் ஒருவன் வீசிய வாள்வெட்டு ஃபேட்டல். அதில் கோவலன் இறந்தான். ஃபேட்டல் எப்போதும் உயிர் போன இடத்தில், அல்லது உயிர் போகுமளவு கெட்ட இடத்தில் நிற்கும்.

கோவலன் இல்-ஃபேட்டட். ‘இல்’ என்றால் இங்கிலீஷில் கெட்ட. விதி சரியில்லாத, பாவம் என்று சொல்ல வைக்கிற ஆள். ஆளுக்கும் சொல்லலாம், கப்பலுக்கும் சொல்லலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடிக் கடலோடு போன பாம்பன் பாசஞ்சரை இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இல்-ஃபேட்டட் ரயில் என்றுதான் எழுதுவார்கள். அந்த இரவை ஃபேட்ஃபுல் இரவு என்பார்கள்.

ஃபேட்டட் என்றால் முன்பே முடிவு செய்யப்பட்ட. காப்பியம் இதற்கும் கணக்கு வைத்திருக்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாக இருந்து, குற்றமற்ற சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்ல வைத்தான்; அந்த வினை இப்போது வந்தது என்கிறது. அந்தக் கணக்குப்படி அவன் மதுரையில் இறப்பது ஃபேட்டட்.

மிச்சம் இருப்பது பாண்டியன் வாயிலிருந்து வந்த அந்த வரி. அதுதான் ஃபேட்ஃபுல். அந்தச் சொல்லுக்குப் பிறகு கோவலன் போனான், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியனும் போனான், தேவி போனாள், ஊர் எரிந்தது. சொன்ன நிமிஷத்தில் அது ஓர் அவசரக்காரனின் உத்தரவு. கண்ணகி மறு சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்தபோதுதான் அது என்ன சொல் என்று அவனுக்கே தெரிந்தது. ‘கொல்ல’ என்று சொல்ல வந்தவன் வாய் தவறிக் ‘கொன்று’ என்றான் என்று பட்டிமன்ற மேடைகளில் விரித்துச் சொல்வதுண்டு. ஓரெழுத்து ஈரெழுத்தில் ஒரு பாயிண்ட் நகர்ந்தது என்று நான் ட்யூஷனில் சொல்வேன்.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். முற்பிறப்புக் கதையை முழுசாக எடுத்துவிடுங்கள். அதில் நம்பிக்கை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ‘கோவலன் சாவு ஃபேட்டட்’ என்று சொல்ல முடியாது; எழுதி வைத்தவரே இல்லையே. ஆனால் ‘பாண்டியன் சொல் ஃபேட்ஃபுல்’ என்பதற்கு ஒரு பழுதும் வராது. விளைவு விளைவுதானே. ஃபேட்டட் என்பது காரணத்தைப் பற்றிய பேச்சு, யார் எழுதினார்கள் என்ற கேள்வி. ஃபேட்ஃபுல் என்பது விளைவைப் பற்றிய பேச்சு, பின்னால் என்ன ஆயிற்று என்ற கேள்வி. அதனால்தான் கருப்புச் சட்டைக்காரரும் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், காவடி எடுப்பவரும் பயன்படுத்தலாம். ஃபேட் என்ற விதி சொல்லுக்குள் இருந்தாலும், சொல்பவர் விதியை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவுதான்: வெட்டு ஃபேட்டல், ஆள் இல்-ஃபேட்டட், முன்வினைக் கணக்கு ஃபேட்டட், உத்தரவு ஃபேட்ஃபுல்.

மேலமாசி வீதியிலிருந்து தமுக்கம் வரை

நல்லதுக்கும் இந்தச் சொல் வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வரும். அதற்கும் மதுரையிலேயே ஆள் இருக்கிறது.

1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தார். சென்னையிலிருந்து வரும் ரயிலில் கூட இருந்தவர்களிடம் கதர் பற்றிப் பேசியபோது, கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசில்லை என்றார்கள். மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். மறுநாள், செப்டம்பர் 22, வழக்கமான உடையை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் கூட்டத்தில் பேசிய இடம்தான் இன்றைய காந்தி பொட்டல். பத்து வருஷம் கழித்து லண்டன் அரண்மனையில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அவர் இடுப்பில் இருந்தது அதேதான். இங்கிலீஷில் எழுதுகிறவர் ஒருவர் மேலமாசி வீதியில் எடுத்த அந்த முடிவை ஃபேட்ஃபுல் முடிவு என்றால் அதில் பிழை கிடையாது. யாரும் சாகவில்லை, எதுவும் கெடவில்லை. ஒரு மனிதர் உடை மாற்றினார். அப்புறம் உலகம் அவரை அந்த உடையில்தான் பார்த்தது.

வைகைப் பாலத்தைத் தாண்டித் தமுக்கம் பக்கம் போனால் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி மியூசியம் இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்தக் குண்டுகள் ஃபேட்டல். ஒரே ஆள், ஒரே ஊர், இரண்டு துணி. ஃபேட்ஃபுல்லுக்கும் ஃபேட்டலுக்கும் வித்தியாசம் கேட்கிற பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு இடத்துக்கும் நடத்திக் கூட்டிப் போனேன். வெயிலில் வைதுகொண்டே வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த பேட்ச்சில் ஒருவரும் இந்த இரண்டையும் மாற்றி எழுதவில்லை.

எதோடு ஒட்டும், எதோடு ஒட்டாது

இனி வாக்கியத்தில் வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஃபேட்ஃபுல்லுக்குப் பிடித்த கூட்டாளிகள் நாள், இரவு, காலை, முடிவு, சந்திப்பு, பயணம், ஃபோன் கால் போன்றவை. முன்னால் ‘அந்த’ என்பதற்கான ‘தட்’ அல்லது ‘ஒரு’ என்பதற்கான ‘ஒன்’ வந்து நிற்பது வழக்கம்: தட் ஃபேட்ஃபுல் டே, ஒன் ஃபேட்ஃபுல் ஈவினிங். ‘அந்த’ என்று சொல்லும்போதே கேட்பவருக்கு எந்த நாள் என்று ஓரளவு தெரிந்திருக்கும். நாள், முடிவு இவற்றுக்குப் பொருந்தும் இந்தச் சொல், ஆளுக்குப் பொருந்தாது. ஃபேட்ஃபுல் மனிதர் என்று யாரும் இல்லை. ஆளுக்கு வேண்டுமென்றால் இல்-ஃபேட்டட்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராமல் வாக்கியத்தின் முடிவிலும் வரலாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் ‘ப்ரூவ்ட்’ என்ற துணை இருக்கும். ‘அந்த முடிவு ஃபேட்ஃபுல்லாக முடிந்தது’ என்கிற மாதிரி. அங்கேயும் திரும்பிப் பார்க்கும் குரல்தான். நடக்கப் போகிற தேர்தலைச் சில பத்திரிகைகள் ஃபேட்ஃபுல் தேர்தல் என்று எழுதுவது உண்டு. அது விளைவை முன்கூட்டியே ஊகித்துச் சொல்வது. கொஞ்சம் கலக்கத்தோடு சொல்வது. வாழ்த்தில் அதற்கு இடமில்லை.

எழுத்துக்கூட்டலில் கடைசி ‘எல்’ ஒன்றுதான். ‘ஃபுல்’ என்ற தனிச்சொல்லில் இரண்டு ‘எல்’ இருப்பதைப் பார்த்து இங்கேயும் இரண்டு போட வேண்டாம்.

கிண்டலுக்கும் இந்தச் சொல் நன்றாக உதவும். ‘நான் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிய அந்த ஃபேட்ஃபுல் நாள்’ என்றால் கேட்பவர் சிரித்துவிடுவார், பைக் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அதே ஃப்ளெக்ஸ் வாசகத்தை இருபத்தைந்து வருஷம் கழித்து வெள்ளி விழாவில் மாப்பிள்ளையே மைக்கைப் பிடித்துச் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கும். பொண்டாட்டி முறைப்பாள், அவ்வளவுதான்.

அப்படியானால் கல்யாணத்துக்கு அந்தப் பையன் எதைத்தான் எழுதியிருக்க வேண்டும்? ‘விதி சேர்த்து வைத்த’ என்றே சொல்லியாக வேண்டுமென்றால் டெஸ்டின்ட். சேருமிடத்தைச் சொல்லும் டெஸ்டினேஷனும் இதுவும் ஒரே வேர். போய்ச் சேர வேண்டிய இடம் முன்பே உறுதியாகிவிட்டது என்று பொருள். ரயில் கணக்கில் இது பெட்டியின் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஊர்ப் பலகை. ஃபேட்டில் இருட்டு கொஞ்சம் தூக்கல், டெஸ்டினியில் வெளிச்சம் தூக்கல். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுப் பேச்சில் நேரு எடுத்துக்கொண்ட சொல் டெஸ்டினிதான். அந்த நேரத்தில் அவர் வாயில் ஃபேட் என்று வந்திருந்தால் ஹெட்மாஸ்டர்கள் அன்றைக்கே கலங்கியிருப்பார்கள். இதெல்லாம் வேண்டாமென்றால் ‘ஹாப்பி’ என்று போட்டிருக்கலாம். யாருக்கும் வில்லங்கம் இல்லை.

தமிழில் சொல்ல வரும்போது

என் பகல் வேலையில் இதுதான் தலைவலி. ஃபேட்ஃபுல்லுக்குத் தமிழில் ஒரே சொல் கேட்டால் பல அகராதிகளும் விதியைச் சுற்றியே எதையாவது கொடுக்கும்: ‘விதிவசமான’, ‘ஊழ்சார்ந்த’. இவை ஃபேட்டட்டுக்கு உரியவை. ஃபேட்ஃபுல்லின் உயிர் நம் மொழியில் வேறு சொல்லில் இருக்கிறது. அது வினை.

வினை என்றால் செயல். இலக்கணத்திலும் வினைச்சொல் என்றால் செயலைச் சொல்லும் சொல். அதே நேரத்தில் வினை என்றால் விளைவு, அதுவும் கெட்ட விளைவு. ‘விளையாட்டு வினையாச்சு’ என்கிறோம். ‘அவன்கிட்ட கடன் வாங்குனது வினையாப் போச்சு’ என்கிறோம். செயலும் அதன் பலனும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. ஃபேட்ஃபுல் ஒரு செயலுக்கு முன்னால் நின்று அதன் பலனை ஞாபகப்படுத்துகிறதே, அந்த வேலையை வினை என்ற சொல் தனியாகவே செய்துவிடுகிறது. பாண்டியன் அந்த வரியைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரமே ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ஆரம்பிக்கிறது. வினை விளைகிற காலம். ஃபேட்ஃபுல் டே என்பதற்கு இதைவிடக் கச்சிதமான தமிழை நான் பார்த்ததில்லை. என்ன, வக்கீல் நோட்டீஸில் எழுத முடியாது.

ஆக, மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. ஃபேட்ஃபுல் முடிவு கெட்ட பக்கம் போனால் ‘வினையாக முடிந்த முடிவு’. காந்தி விஷயம் மாதிரி என்றால் ‘எல்லாவற்றையும் மாற்றிய முடிவு’. ‘திருப்புமுனை’ என்றும் போடலாம், அந்தச் சொல் தேய்ந்துவிட்டது என்பதைத் தவிரக் குற்றமில்லை. பேச்சில் என்றால் இன்னும் சுலபம். ‘அன்னைக்குன்னு பாத்து’ என்ற இரண்டு சொல் இருக்கிறது. ‘அன்னைக்குன்னு பாத்து குடை எடுக்கலை’ என்று சில்லறைக் காரியத்துக்கும் வரும், பெரிய விஷயத்துக்கும் வரும். திரும்பிப் பார்க்கும் குரல், கலக்கம், ‘எத்தனையோ நாள் இருக்க அந்த நாள்’ என்ற அங்கலாய்ப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

வழக்குக் கட்டுகளில், முக்கியமாக வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில், ஆன் தி ஃபேட்ஃபுல் டே என்று ஆரம்பிக்காத பத்தி குறைவு. ‘ஆன் தி ஃபேட்ஃபுல் டே, இறந்துபோனவர் தன் இரு சக்கர வாகனத்தில்’ என்று ஒரு நடை இருக்கிறது. இந்திய இங்கிலீஷில் இது ஏறக்குறைய ஒரு சீல் மாதிரி ஆகிவிட்டது. எழுதுபவர் கலங்குவதில்லை, குத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். தமிழில் அதற்கு நிகரான சீலும் தயாராக இருக்கிறது: ‘சம்பவத்தன்று’. போலீஸ் எழுதும் காகிதத்திலிருந்து காலைப் பேப்பர் வரை எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். பொருள் சரி, தேதி சரி. ஃபேட்ஃபுல்லில் மிச்சமிருந்த நடுக்கம் மட்டும் இதில் இல்லை.

போன வருஷம் அப்படி ஒரு கட்டு வந்தது. மேலூர்ப் பக்கத்துக் குடும்பம். மகன் போய்விட்டான். கையெழுத்துப் போட வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. வக்கீல் வரும்வரை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆன் தி ஃபேட்ஃபுல் டே என்ற இடத்துக்கு வந்து, சம்பவத்தன்று காலை எட்டரை மணிக்கு என்று தொடங்கினேன். அவர் என்னை நிறுத்தினார். “தினம் பஸ்லதான்ப்பா போவான். அன்னைக்குன்னு பாத்து பஸ்ஸு லேட்டு, அவுங்க மாமா வண்டிய வாங்கிட்டுப் போனான்” என்றார். பிறகு, “அது எழுதியிருக்கா அதுல?” என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொன்னேன். ஃபேட்ஃபுல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பிரதியில் நான் அடித்துக் கொடுத்தது ‘சம்பவத்தன்று’தான். வேறு எது போட்டிருந்தாலும் வக்கீல் சிவப்பு மையில் அடித்திருப்பார்.